ராஜாளி தளத்துக்கு மாணவர்களுடன் போகிறேன்: கல்யாணப் போட்டோக்காரனுக்கு யோசனை சொல்லுங்கள்

குடியாத்தம் ஸ்டூடியோ:

வணக்கம். குடியாத்தத்தில் இருபத்திரண்டு வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம், வைகாசி முதல் தேதி வந்தால் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த நெரிசலில் யாராவது முழங்கையால் இடித்தாலும் அம்மன் முகத்தின் மேல் ஃபோகஸ் தவறாது. அந்த அளவுக்குக் கை பழகியிருக்கிறது. விமானம் என்றால் மட்டும் கை நடுங்குகிறது.

காரணம் உண்டு. 2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் விமானப்படை சாகசம் நடந்ததே, அதற்குப் போயிருந்தேன். வெயிலில் வெந்து நானூறு படம் எடுத்து வந்தேன். வீட்டில் திறந்து பார்த்தால் வெள்ளைத் தோசை மாவில் விழுந்த எள் மாதிரி கறுப்புப் புள்ளிகள். என் மகன் ஒரு வாரம் சிரித்தான்.

இப்போது எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்று, கடற்படை வாரத்தை ஒட்டி என்.சி.சி. மாணவர்களை அரக்கோணத்தில் இருக்கும் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ராஜாளிக்கு அழைத்துப் போகிறது. ஆண்டு மலருக்குப் படம் எடுக்க என் பெயரையும் அனுமதிப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். கையில் இருப்பது 24-70, 70-200 லென்ஸ்கள் இரண்டும்தான். ஹெலிகாப்டர் விசிறி சுற்றுவதைக் காட்ட ஷட்டர் வேகம் எவ்வளவு வைக்க வேண்டும்? விமானிகளையும் பணியாளர்களையும் எடுக்கலாமா, எப்படிக் கேட்பது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொரு முறை எள் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது.

கம்மவான்பேட்டை மாஜி:

தம்பி, எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போவார். நான் வழி தவறிக் கடற்படைக்குப் போனவன். ராஜாளி 1992 மார்ச் மாதம் தொடங்கியபோது தரைப்பணியில் அங்கே இருந்தேன். அன்று அது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம், பிறகு வேலூர், 2019 முதல் ராணிப்பேட்டை. மாவட்டத்தின் பெயர்தான் மாறுகிறது, ஓடுதளம் அதே நான்கு கிலோமீட்டர் சொச்சம் நீண்டு கிடக்கிறது.

எங்களிடம் இருந்தது டியூ-142 என்ற ரஷ்யக் கடல் ரோந்து விமானம். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு விசிறி. அது எஞ்சினைக் கிளப்பினால் நெஞ்சுக்கூட்டுக்குள் தவில் வாசிப்பது போல இருக்கும். 2017 மார்ச்சில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், டிக்கெட் வாங்கினால் வயிற்றுக்குள்ளேயே நடந்து பார்க்கலாம். நான் பேரனோடு போய் நின்றேன். ஒரு படம்கூட எடுக்கத் தோன்றவில்லை. சரி, அது என் கதை.

இப்போது அங்கே இருப்பது பி-8ஐ, நீர்மூழ்கிகளைத் தேடும் ரோந்து விமானம். முதல் விமானம் 2013 மே மாதம் வந்தது. போயிங் 737 உடம்புதான், அதனால் தூரத்தில் பார்த்தால் பயணிகள் விமானம் என்று ஏமாந்துவிடுவீர்கள். வால் நுனியில் பின்னோக்கி ஒரு கம்பு நீட்டிக்கொண்டிருக்கும். கடலடியில் போகும் நீர்மூழ்கியின் இரும்பு உடல் பூமியின் காந்தப்புலத்தைக் கொஞ்சம் கலைக்கும் அல்லவா, அதை மோப்பம் பிடிக்கும் கருவி. அமெரிக்கக் கடற்படையின் பி-8ஏ விமானத்தில் அது கிடையாது. பக்கவாட்டில் எடுக்கும்போது அந்தக் கம்பை வெட்டிவிடாதீர்கள். கல்யாணப் படத்தில் மாமனார் தலையை வெட்டுவது எப்படியோ அப்படி.

எது எடுக்கலாம், எது கூடாது என்பதைக் கூட வரும் அதிகாரி சொல்வார். காட்டிய இடத்தில் நின்று, காட்டிய திசையில் எடுங்கள். விமானத்துக்குள் இருக்கும் திரைகள், ஆன்டெனாக்கள், வாயில், காவல் கோபுரம் ஆகியவற்றின் பக்கம் கேட்காமல் கேமராவைத் தூக்க வேண்டாம். ஃபிளாஷை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இதைவிட முக்கியம் ஒன்று இருக்கிறது. விமானம் நிற்கும் தளத்தில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். காலையில் நாங்கள் தோளோடு தோள் வரிசையாக நின்று, தலையைக் குனிந்தபடி தளத்தைக் கடப்போம். நெல்லில் கல் பொறுக்குவது மாதிரி ஆணி, கம்பித்துண்டு, சரளைக்கல் பொறுக்குவோம். எஞ்சினைக் கெடுக்கும் இப்படிப்பட்ட குப்பையை எஃப்.ஓ.டி. என்போம். ஒரு சின்ன போல்ட் எஞ்சினுக்குள் போனால் உள்ளே இருக்கும் தகடுகள் நாசம். உங்கள் லென்ஸ் மூடி அந்த போல்ட்டைவிடப் பெரியது. தொப்பி, துண்டு, சட்டைப்பையில் பேனா எதுவும் வேண்டாம். கேமரா வார் கழுத்தில் இருக்கட்டும்.

ஹெலிகாப்டர் பற்றி: ராஜாளியில்தான் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, சேத்தக் என்ற சின்ன ஹெலிகாப்டரைப் பார்ப்பீர்கள். எஞ்சின் ஓடும்போது வால் பக்கம் போகவே கூடாது. வால் விசிறி சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. விமானி உங்களைப் பார்க்கும்படி முன்பக்கம் நில்லுங்கள், அதுவும் அழைத்தால் மட்டும்.

காட்பாடி டீச்சர்:

அண்ணா, ஐயா சொன்னதற்கு மேல் படம் பிடிப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். நான் இயற்பியல் ஆசிரியை, கேமரா எனக்குப் பைத்தியம்.

சேத்தக்கின் பெரிய விசிறிக்கு மூன்று இறக்கை. நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 சுற்று, அதாவது நொடிக்கு ஆறு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஷட்டர் 1/1000 நொடி வைத்தால் அந்த நேரத்துக்குள் இறக்கை இரண்டு டிகிரிதான் நகரும். படத்தில் ஹெலிகாப்டர் ஆகாயத்தில் ஆணி அடித்து மாட்டிய பொம்மை போல இருக்கும். 1/125 வைத்தால் 17 டிகிரி, விசிறி உயிரோடு இருக்கும். 1/60 இன்னும் அழகு, ஆனால் பத்தில் ஒன்பது படம் கலங்கும். நீங்கள் மணமக்கள் ஊர்வலத்தில் நடந்துகொண்டே எடுப்பவர், 1/125 உங்களுக்குக் கைவரும். பி-8ஐ ஜெட், அதில் காட்ட வெளி விசிறி இல்லை. பயப்படாமல் 1/1000 வையுங்கள்.

மெரினா எள்ளுக்குக் காரணம் கேமரா அல்ல. வெளுத்த வானத்தைப் பார்த்து அது தானாக இருட்டாக்கிவிடுகிறது. சாம்பல் நிற விமானம் அதில் கரியாகிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி கூட்டி வையுங்கள். ஆனால் தரையில் வெள்ளைச் சீருடை மாலுமிகளை எடுக்கும்போது மறக்காமல் குறைத்துவிடுங்கள். பட்டு வேட்டி மாப்பிள்ளையை வெயிலில் நிறுத்தினால் வேட்டியின் கரை காணாமல் போகுமே, அதே கதைதான்.

பத்து மணிக்கு மேல் கான்கிரீட் தளத்தில் கானல் எழும்பும். எத்தனை லட்சத்துக்கு லென்ஸ் வாங்கினாலும் கானலை வெல்ல முடியாது. பக்கத்தில் போய் எடுப்பதுதான் வழி. வானம் நீலமாக வரட்டும் என்று போலரைசர் ஃபில்டர் மாட்ட வேண்டாம். சேத்தக்கின் முன்பக்கக் கண்ணாடி கண்ணாடியே அல்ல, பிளாஸ்டிக் வகை. அதில் வானவில் பட்டை பட்டையாக விழும்.

ஆட்களைத்தான் ஆசையாக எடுக்கச் சொல்வேன். வெயிலில் நிறுத்திவிட்டு "சிரியுங்கள்" என்று சொல்லாதீர்கள், கண் இருண்ட குழியாகத் தெரியும். ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை, வாசலுக்கு ஓரடி உள்ளே நிறுத்துங்கள். நம் ஊர்த் திண்ணை வெளிச்சம் அங்கே கிடைக்கும். இல்லையென்றால் இறக்கை நிழல். கீழே கான்கிரீட் வெளிச்சத்தை மேலே தள்ளும், தெர்மாகோல் பிடிக்க உதவியாளர் தேவையில்லை.

ஒரு தளத்துக்கு, எது என்று சொல்லவில்லை, மாணவிகளை அழைத்துப் போனபோது என் கார்டு முழுவதையும் அழிக்கச் சொன்னார்கள். கோபம் வந்தது. தப்பு என்னுடையதுதான். நான் எடுத்த ஒரு குழுப் படத்தின் பின்னால் அறிவிப்புப் பலகையும் பணி அட்டவணையும் தெளிவாக விழுந்திருந்தன. எடுத்தவுடன் அங்கேயே காட்டியிருந்தால் ஒன்றோடு போயிருக்கும். கேமராவில் இருப்பிடப் பதிவையும் அணைத்துவிடுங்கள்.

தக்கோலம் பையன்:

எதற்கு இவ்வளவு கெடுபிடி? வேலிக்கு வெளியே ஏதாவது மொட்டை மாடி பிடித்து 600 மி.மீ. லென்ஸ் வாடகைக்கு எடுத்தால் போதாதா? இறங்கும்போது தலைக்கு மேலேயே வருகிறதே.

கம்மவான்பேட்டை மாஜி:

தம்பி, 1923ஆம் வருடத்து அரசு இரகசியச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ராணுவத் தளத்தை அனுமதி இல்லாமல் படம் எடுத்துவிட்டு "அழகுக்காக எடுத்தேன்" என்று காவல் நிலையத்தில் விளக்க வேண்டியிருக்கும். அந்த மொட்டை மாடிக்காரருக்கும் தலைவலி. தலைக்கு மேலே வந்தால் அண்ணாந்து பாருங்கள், அதற்கு யாரும் கேட்கமாட்டார்கள்.

குடியாத்தம் ஸ்டூடியோ:

போய் வந்துவிட்டேன். ஐயாவுக்கும் டீச்சருக்கும் முதலில் நன்றி.

விடியற்காலை நான்கரைக்குப் பஸ் கிளம்பியது. வாயிலில் மாணவர்களின் கைபேசிகளை வாங்கி ஒரு பெட்டியில் போட்டார்கள். என் கேமராவின் எண்ணை எழுதிக்கொண்டார்கள். லென்ஸ் ஹூட் கழன்று விழுந்துவிடுமோ என்ற பயத்தில் ஐயா பேச்சைக் கேட்டுக் கறுப்பு டேப் சுற்றியிருந்தேன். அதிகாரி அதைப் பார்த்து, "யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். உங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன். "அப்படியானால் சரிதான்" என்றார்.

சேத்தக் கிளம்பும்போது 1/125இல் அறுபது படம் எடுத்தேன். தேறியது ஏழு. ஏழிலும் விசிறி சுற்றுகிறது. ஒன்றில் மாணவர்களின் சட்டைக் காலர்கள் எல்லாம் ஒரே பக்கம் பறக்கின்றன.

எனக்குப் பிடித்த படம் வேறு. எஞ்சின் அணைந்த பிறகு இளம் மாலுமி ஒருவர் முன்பக்கக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மேலிருந்து கீழே மட்டும், அவசரமே இல்லாமல், என் அப்பா பழைய கேமராவின் லென்ஸைத் துடைப்பது போல. கேட்டேன். அவர் அதிகாரியைப் பார்த்தார், அதிகாரி தலையசைத்தார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த முகமும் அந்தக் கண்ணாடி வளைவில் பிரதிபலித்துப் படத்தில் விழுந்துவிட்டது. மாலுமியின் பெயர்ப்பட்டையை மட்டும் பிறகு கணினியில் மங்கலாக்கினேன்.

எடுத்தவற்றை அங்கேயே காட்டினேன். இரண்டை அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

கம்மவான்பேட்டை மாஜி:

மகிழ்ச்சி தம்பி. பி-8ஐ பக்கத்தில் குழுப் படம் எடுத்தீர்களா? வால் கம்பு என்ன ஆயிற்று?

குடியாத்தம் ஸ்டூடியோ:

கம்பு முழுசாக வந்துவிட்டது ஐயா. அதற்காகப் பின்னால் நகர்ந்து ஓரமாகப் போனதில் தலைமையாசிரியரின் பாதித் தலை போய்விட்டது. மலரில் எப்படிப் போடுவது என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.