மறு: மறு: ‘சோஷியல் ஸ்ட்ரெஸ்’: ஒப்புதல் படிவத்துக்கு ஒரு சொல் (வெள்ளிக்குள்)

லாஸ்பேட்டையிலிருந்து:
வணக்கம். வெள்ளிக்கிழமை நெறிமுறைக் குழுவுக்குத் தமிழ்ப் படிவம் போக வேண்டும். அதில் ‘சோஷியல் ஸ்ட்ரெஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன போடலாம்? மாணவர் வி.ஆர். (மெய்நிகர்) கருவியை மாட்டிக்கொண்டு, சிரிப்போ தலையாட்டலோ இல்லாத ஒரு தேர்வுக் குழு முன் 5 நிமிடம் பேசுவார். அடுத்த 5 நிமிடம் 1022-இலிருந்து 13, 13 ஆகக் கழித்துச் சொல்வார். தப்பினால் மறுபடி 1022. 1993-இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட முறை. அங்கே குழுவில் ஆட்கள். இங்கே கணினி உருவங்கள். எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே முறைப்பு என்பதுதான் இதில் வசதி. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், எச்சிலில் கார்டிசால் என்னும் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் அளப்போம். ‘சமூக அழுத்தம்’ என்றால் ஊர்க் கட்டுப்பாடு என்று படிக்கிறார்கள். ‘மன அழுத்தம்’ என்றால் டிப்ரஷனா என்கிறார்கள். பக்கத்து வரியில் இரத்த அழுத்தம் வேறு.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
அம்மா, வள்ளுவர் ‘அவை அஞ்சாமை’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். பகைக்களத்தில் சாகத் துணிந்தவர் எளிதில் கிடைப்பர், அவையில் அஞ்சாதவர்தான் அரியர் என்கிறார். ‘அவையச்சம்’ என்று எழுதுங்கள், முடிந்தது. தொல்காப்பியரும் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை (அரசன் போல் மேலிருப்பவர்). உங்கள் தேர்வுக் குழு நான்காவது. அப்புறம், ‘மெய்நிகர்’ எனக்கு உறுத்துகிறது. மெய் என்றால் உண்மையா, உடம்பா? உடம்பை அளக்கிற ஆய்வில் இந்தக் குழப்பம் தேவையா?

மஞ்சக்குப்பத்திலிருந்து:
ஐயா, ‘மெய்நிகர்’ பரவிவிட்டது, அதைக் கிளற வேண்டாம். ஆனால் அச்சம் வேறு, ஸ்ட்ரெஸ் வேறு. “எனக்கொன்றும் பயமில்லை” என்பவருக்கும் கார்டிசால் ஏறலாம். இயற்பியலில் ஸ்ட்ரெஸ் தகைவு, ஸ்ட்ரெய்ன் திரிபு. பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல். தகைத்தல் என்றால் தடுத்தல், கட்டுதல். அவை நாவைக் கட்டுகிறதே! ‘அவைத்தகைவு’.

முத்தியால்பேட்டையிலிருந்து:
தகைவு என்று கண்டால் என் தம்பி பாலத்துக்குச் சோதனை என்று நினைப்பான். படிவம் படிக்கிறவருக்குத்தானே? ‘படபடப்பு’ போடுங்கள். வார்டில் யாரைக் கேட்டாலும் புரியும்.

மஞ்சக்குப்பத்திலிருந்து:
படபடப்பு நெஞ்சோடு நின்றுவிடுகிறதே, அக்கா. நாடி உடனே எகிறும், பேச்சு முடிந்தால் இறங்கும். கார்டிசால் மெதுவாக ஏறி, சோதனை முடிந்த பிறகுதான் உச்சத்துக்கு வரும். அப்போது ஆள் சாவகாசமாக உட்கார்ந்திருப்பார். அதற்கும் படபடப்பு என்றா பெயர்?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
தம் இறை என்றதும் அப்பர் நினைவு வருகிறது. பல்லவன் கல்லோடு கட்டிக் கடலில் தள்ள, அவர் கரையேறியது எங்கள் ஊரில்தான். கரையேறவிட்டகுப்பம் இன்றும் இருக்கிறது. ‘நாமார்க்கும் குடியல்லோம்’ என்றவருக்கு உங்கள் கார்டிசால் ஏறியிருக்குமா? மேலும், எச்சில் என்று எழுதாதீர்கள். உமிழ்நீர்.

லாஸ்பேட்டையிலிருந்து:
ஐயா, அப்பர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. ‘அவையச்சம்’ எனக்கும் பிடிக்கிறது. ஆனால் நுழையும்போதே ‘அச்சம்’ என்று படித்துவிட்டால், சோதனைக்கு முந்தைய அளவே கெட்டுவிடும். விடிகாலையில் கார்டிசால் இயல்பாகவே அதிகம் என்பதால்தான் பிற்பகலில் வைக்கிறோம். அந்தச் சிரத்தையெல்லாம் ஒரு சொல்லால் வீணாகும். கணினி உருவங்கள் முன் ஏறும் அளவு, நேரில் ஆட்கள் முன் ஏறுவதைவிடப் பெரும்பாலும் சற்றுக் குறைவு. சோதனைக்கு முன்னும் பின்னும் இருக்கிற வேறுபாட்டையும் நாமே அழிக்கக் கூடாது.

முத்தியால்பேட்டையிலிருந்து:
அப்படியென்றால் விளக்கமாகவே எழுதலாமே. ‘பிறர் கவனிக்கும்போது உடலில் ஏற்படும் மாற்றங்கள்’. பயமும் இல்லை, பாலமும் இல்லை.

மஞ்சக்குப்பத்திலிருந்து:
அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. கட்டுரைத் தலைப்பில் அத்தனை நீளம் வைப்பீர்களா?

லாஸ்பேட்டையிலிருந்து:
சரி. படிவத்துக்கு முத்தியால்பேட்டை அக்கா தந்த வரி. சொல்லடைவில் ‘அவைத்தகைவு’, அதற்குத்தான் ஆதரவு கொஞ்சம் கூடுதல். வேறு யாரும் பதில் போடவில்லை. அனுப்பிவிட்டேன்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:
இணைப்பைத் திறந்து பார்த்தேன். பாலத்துக்கும் அவைக்கும் ஒரே சொல் என்பதில் எனக்கு உடன்பாடில்லை, பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாம் பக்கத்தில் இன்னும் ‘எச்சில்’ இருக்கிறது.