தென்னந்தோப்பைத் தாண்டி இணையம் கொண்டுபோக வழி சொல்லுங்க

வணக்கமுங்க. ஆனைமலைப் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) இணையம் வேண்டும். ஃபைபர் ஊருக்குள் இருக்கிறது; சாளை அங்கிருந்து 2 கிலோமீட்டர். நம் பக்கம் தோட்டத்துக்கு ஒரு வீடு என்று சிதறிக் கிடப்பதால் கேபிள் இழுக்க யாரும் வருவதில்லை. பன்னிரண்டாவது படிக்கும் மகள் பாடம் பார்க்க வரப்பு வரப்பாக சிக்னல் தேடுகிறாள், மனசு கேட்கவில்லை.

5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 2018 முதல் வெளியிடத்திலும் உரிமம் வேண்டியதில்லை. அதனால் இரு முனையிலும் டிஷ் ஆன்டெனா வைக்க நினைக்கிறேன். சிக்கல் நடுவில் நிற்கும் 60 அடித் தென்னைகள். ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று பார்த்தால் மட்டும் போதாது. பாதி தூரத்தில் அந்தக் கோட்டைச் சுற்றி 5 மீட்டர் ஆரத்துக்குப் பெரும்பகுதி வெறுமையாக இருக்க வேண்டும். மழையில் நனைந்த மட்டை அலையை இன்னும் உறிஞ்சும். சென்னை ஐஐடியின் கார்டெக்ட் என்ற தொழில்நுட்பம் கம்பியில்லாமல் 10 கிலோமீட்டர் வரை போன் கொடுத்த காலத்திலும் இதே நேர்ப்பார்வைதான் தேவைப்பட்டது.

80 அடிக் கம்பம் நட்டு ஸ்டே கம்பி கட்டினால், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றைத் தாங்குமா? இல்லை, வழியில் உள்ள ஊராட்சித் தண்ணீர்த் தொட்டி மேல், சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிலே வைப்பது மேலா? அதற்கு யாரிடம் அனுமதி கேட்பது? இடிக்கு எர்த் எப்படிப் போட்டீர்கள்? பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் செய்து பார்த்தவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்க. பக்கத்துச் சாளைக்காரர்களும் செலவில் சேரத் தயாராக இருக்கிறார்கள்.