மகள் குதிரையேற்றம் கற்றுக்கொள்ளப் போகிறாள், பைக் ஹெல்மெட் போதுமா?

கடலூர்_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கடலூர். என் மகளுக்கு 11 வயது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டுக் குதிரையேற்றக் குழு 41 வருடத்துக்கு அப்புறம் தங்கம் வாங்கியதை டிவியில் பார்த்தாள். அந்தக் குழுவில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அன்றைக்குப் பிடித்ததுதான், இன்று வரை குதிரை குதிரை என்று ஒரே பேச்சு. என் மாமியார் வேறு செஞ்சி தேசிங்கு ராஜா கதையைச் சொல்லிச் சொல்லி எண்ணெய் ஊற்றிவிட்டார். கடைசியில் சரி என்று ஆரோவில் பக்கம் ஒரு பயிற்சி இடத்தில் விசாரித்து, அடுத்த மாதம் சேர்ப்பதாக இருக்கிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சில்வர் பீச் போயிருந்தோம். எட்டு வயசு இருக்கும், ஒரு பையன், குதிரை மேலே உட்கார்ந்து போட்டோவுக்குக் கையை ஆட்டிக்கொண்டே போனான். எங்கிருந்தோ இரண்டு நாய் சண்டை போட்டுக்கொண்டு குறுக்கே ஓடியது. குதிரை ஒரு பக்கமாக ஒரு துள்ளுத்தான் துள்ளியது, பையன் தலைகுப்புற ஈர மணலில் விழுந்தான். விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. மணலில் விழுந்தால் அப்படிச் சத்தம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. நாலு பேர் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்தி, சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

வீட்டுக்காரர், "நம்மிடம்தான் நல்ல பைக் ஹெல்மெட் இருக்கிறதே, அதைப் போட்டுக்கொள்ளட்டும், இதற்கென்று தனியாக வேறு வாங்கணுமா" என்கிறார். செலவுக்கு நான் யோசிக்கவில்லை, எது வேண்டும் எது வேண்டாம் என்றுதான் தெரியவில்லை. குதிரை பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். சேர்க்கவே வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

லாஸ்பேட்டை_சவாரி எழுதியது:

அக்கா, சேருங்கள், தாராளமாகச் சேருங்கள். ஆனால் பைக் ஹெல்மெட் வேண்டாம். நான் புதுச்சேரியில் 14 வருடமாகக் குதிரை ஏறுகிறேன், எத்தனை முறை விழுந்தேன் என்று கணக்கு வைக்கவில்லை, கற்றுக்கொள்கிற யாரும் விழாமல் கற்றதில்லை. அதனால் விழுவாளா மாட்டாளா என்று யோசிக்காதீர்கள், விழும்போது உடம்பில் என்ன இருக்கிறது என்று மட்டும் யோசியுங்கள்.

பைக் ஹெல்மெட் ஏன் ஆகாது என்றால், முதலில் கனம். 11 வயசுப் பெண்ணின் கழுத்து அந்தக் கனத்தோடு குதிரையின் ஒவ்வொரு குலுக்கலையும் தாங்க வேண்டும். இரண்டாவது, காது அடைத்துவிடும், பக்கவாட்டுப் பார்வையும் குறையும். வகுப்பில் சார் கத்துவது கேட்காது, பின்னால் இன்னொரு குதிரை நெருங்குவது தெரியாது. சைக்கிள் ஹெல்மெட்டும் சரிவராது, அது பின் மண்டையைப் போதுமான அளவு மூடுவதில்லை, குதிரையிலிருந்து விழும்போது பின் மண்டையிலும் அடி படலாம். குதிரையேற்றத்துக்கென்றே செய்த ஹெல்மெட் இருக்கிறது. உள்ளே ஏஎஸ்டிஎம் எஃப் 1163, பாஸ் 015, விஜி 1 என்ற பாதுகாப்புத் தர முத்திரைகளில் ஏதாவது ஒன்று அச்சாகி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பார்க்க அதே மாதிரி வெல்வெட் துணி போட்டு, உள்ளே ஒன்றுமே இல்லாத தொப்பிகளும் விற்கிறார்கள், அது போட்டோவுக்குத்தான் ஆகும்.

அளவு ரொம்ப முக்கியம். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடம் விட்டு உட்கார வேண்டும். நாடாவை மாட்டாமல் தலையை ஆட்டச் சொல்லுங்கள், ஹெல்மெட்டோடு சேர்ந்து நெற்றித் தோலும் அசைந்தால் அளவு சரி, ஹெல்மெட் மட்டும் தனியாக ஆடினால் பெரிசு. "வளர்கிற பிள்ளை, ஒரு சைஸ் பெரிதாக வாங்குவோம்" என்று பள்ளிக்கூட யூனிஃபார்ம் வாங்குகிற மாதிரி இதை வாங்கிவிடாதீர்கள். அப்புறம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்னொன்று: உச்சிக் கொண்டை, பெரிய கிளிப், பூ வைக்கிற ஊசி எதுவும் கூடாது. விழும்போது ஹெல்மெட்டுக்குள்ளே இருக்கிற கிளிப்பே மண்டையில் குத்தும். ஒற்றைப் பின்னல், கழுத்துக்குக் கீழே இறக்கிப் பின்னி விடுங்கள். துப்பட்டா வேண்டாம், வளையல், சங்கிலி எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரட்டும்.

2016இல் நான் விழுந்ததைச் சொல்கிறேன். பெருநடை கூட இல்லை, சாதாரண நடைதான், சவாரி முடிந்து லாயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். வேலியில் மாட்டியிருந்த ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் படபடத்தது, அவ்வளவுதான். நான் கீழே இருந்தேன். எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தால், வெளியே ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. உள்ளே இருக்கிற தெர்மோகோல் மாதிரிப் பொருளில் காதுக்குப் பின்னால் கட்டை விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல், பக்கத்தில் அமுங்கி ஒரு குழி. அந்தக் குழி என் மண்டையில் விழுந்திருக்க வேண்டியது. அந்த நுரை ஒரு முறைதான் அமுங்கும், திரும்ப எழும்பாது. பலமாக ஒரு முறை விழுந்துவிட்டால் வெளியே எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். அதனால்தான் பழைய ஹெல்மெட் வாங்காதீர்கள் என்கிறேன், அது யார் தலையோடு எங்கே விழுந்தது என்று நமக்குத் தெரியாது.

உங்கள் மகள் டிவியில் பார்த்த அந்த டிரசாஜ் (குதிரையை ஒவ்வொரு அடியும் ஒழுங்காக நடத்திக் காட்டுகிற) போட்டியில் முன்பெல்லாம் உயரமான தொப்பிதான் போடுவார்கள். 2010 மார்ச்சில் கோர்ட்னி கிங்-டை என்ற அமெரிக்க ஒலிம்பிக் வீராங்கனை பயிற்சியின்போது குதிரை இடறி விழுந்தார், ஹெல்மெட் இல்லை, மண்டை எலும்பு உடைந்து ஒரு மாதம் நினைவில்லாமல் கிடந்தார். அதற்கு அப்புறம்தான் நிறையப் பேர் மாறினார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சார்லட் டுஜார்டின் ஹெல்மெட்டோடு தங்கம் வாங்கினார். 2021இலிருந்து உலகப் போட்டிகளில் அது கட்டாயம். ஒலிம்பிக் போன அம்மாவே சாதாரணப் பயிற்சியில்தான் விழுந்தார் என்பதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

ஜிப்மர்_ரோடு_நர்ஸ் எழுதியது:

விபத்துப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சில விஷயம் சொல்ல வேண்டும் சகோதரி. அந்தப் பையனைத் தூக்கி நிறுத்திச் சோடா கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, படிக்கும்போதே மனசு பதறியது.

விழுந்தவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கவே கூடாது. கழுத்து எலும்பில் அடி பட்டிருந்தால், விழும்போது ஆகாத சேதம் தூக்கும்போது ஆகிவிடும். மூச்சு விடச் சிரமம் இல்லை என்றால் ஹெல்மெட்டைக்கூட நாமாகக் கழற்ற வேண்டாம். அப்படியே படுக்க வைத்து, தலை அசையாமல் இரண்டு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டு 108க்குப் போன் செய்யுங்கள். குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள்.

தலையில் அடி பட்ட பிள்ளை எழுந்து நன்றாகப் பேசும், சிரிக்கும், பரோட்டா கேட்கும். சில மணி நேரம் கழித்துக்கூட வாந்தி எடுக்கலாம். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, கேட்டதையே கேட்பது, எழுப்பினால் எழாத தூக்கம், ஒரு கண்மணி பெரிதாகவும் மற்றது சின்னதாகவும் தெரிவது, இதில் ஒன்று இருந்தாலும் இரவு எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் இரண்டு நாள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். வயிற்றில் குதிரை உதைத்தாலும் இதே கதைதான், வெளியே ஒரு சிவப்புத் தடம் மட்டும் இருக்கும், உள்ளே ஈரலோ மண்ணீரலோ கிழிந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்.

"விழுந்த கையோடு திரும்ப ஏறு, அப்போதுதான் பயம் போகும்" என்று குதிரைக்காரர்கள் சொல்வார்கள். முட்டியில் சிராய்த்துக்கொண்டால் சரி. தலை தரையில் பட்டிருந்தால் அன்றைக்கு ஏறவே கூடாது, மருத்துவர் சொன்ன பிறகுதான். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் மூளை தாங்காது.

இன்னொன்று, குதிரைச் சாணத்திலும் அது புரளும் மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். சேர்ப்பதற்கு முன்னால் மகளுடைய தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். 10 வயதில் போட வேண்டியதைப் போட்டாயிற்றா?

அங்கவடி எழுதியது:

அம்மா, நான் கடற்கரையில் குதிரை வைத்துப் பிழைக்கிற குடும்பம். எங்கள் தாத்தா, அப்பா, இப்போது நான். உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

எங்கள் ஆட்கள் யாரும் ஹெல்மெட் போட்டதில்லை. அப்பாவைக் கேட்டால், "குதிரையை மதிக்கத் தெரிந்தவனைக் குதிரை தள்ளாது" என்பார். ஆறு வருடத்துக்கு முன்னால் காணும் பொங்கல் அன்று, கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம், எவனோ ஒருவன் குதிரையின் காலுக்குப் பின்னாலேயே சரவெடியைக் கொளுத்திப் போட்டான். குதிரைக்குத் தன் பின்பக்கம் நேராக இருப்பது கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான் கேட்கும். முன்னங்காலைத் தூக்கி நின்றுவிட்டது. அப்பா பின்பக்கமாகச் சரிந்தார், பின் மண்டை தரையில். அலை வந்து போன ஈர மணல், அது சிமெண்டுத் தரை மாதிரிதான் இருக்கும்.

பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், பிழைத்துக்கொண்டார். நடக்கிறார், பேசுகிறார், பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் அவருக்கு வாசனை போய்விட்டது. அன்றிலிருந்து எந்த வாசனையும் தெரியாது. ஊறவைத்த கொள்ளைக் கையில் அள்ளி மூக்குக்கிட்டே கொண்டுபோய், "இது புளித்துவிட்டது, போடாதே" என்று ஒரு நொடியில் சொல்கிற மனுஷன். லாயத்துக்குள் நுழையும்போதே எந்தக் குதிரைக்கு வயிறு சரியில்லை என்று கண்டுபிடிப்பார். இப்போதும் காலையில் கொள்ளை அள்ளி மூக்குக்கிட்டே கொண்டுபோகிறார், பழக்கம். அப்புறம் என்னிடம் நீட்டுவார், ஒன்றும் சொல்ல மாட்டார். நான் முகர்ந்து பார்த்துச் சொல்வேன்.

அதற்குப் பிறகு நான் நாலு ஹெல்மெட் வாங்கினேன். வருகிறவர்களில் பாதிப் பேர் அடுத்தவர் வேர்வை என்று வேண்டாம் என்கிறார்கள், அதற்காகத் தலையில் கட்ட வெள்ளைத் துணி துவைத்து வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு அது இல்லாமல் நான் ஏற்றுவதில்லை. அப்பனும் பிள்ளையும் ஒரே குதிரையில் உட்கார்ந்து போட்டோ எடுக்கணும் என்று வருவார்கள், அதையும் நிறுத்திவிட்டேன். விழுந்தால் எழுபது கிலோ அப்பன் பிள்ளை மேல்தான் விழுவான்.

மேலே தம்பி ஹெல்மெட்டைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார், நான் காலைப் பற்றிச் சொல்கிறேன். தலையைவிட எனக்குப் பயம் கால்தான். ரப்பர் செருப்போடு ஏறினால் பாதம் அங்கவடிக்குள், அதாவது சேணத்திலிருந்து தொங்குகிற கால் வைக்கும் வளையத்துக்குள், வழுக்கிக் கணுக்கால் வரை போய்விடும், விழும்போது மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட மனுஷனை இழுத்துக்கொண்டு குதிரை ஓடும், இழுபடுகிற பாரத்தைப் பார்த்து இன்னும் மிரண்டு இன்னும் வேகமாக ஓடும். ஸ்போர்ட்ஸ் ஷூவும் வேண்டாம், அடியில் இருக்கிற பள்ளம் பள்ளமான ரப்பர் அங்கவடியைக் கவ்விக்கொள்ளும். அடிப்பாகம் வழுவழுப்பாக, ஒரு அங்குலம் குதிகால் உள்ள பூட்ஸ் வாங்குங்கள். பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில், குதிகால் கீழே. பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் ரப்பர் வளையம் போட்ட அங்கவடி இருக்கிறது, விழுந்தால் ரப்பர் கழன்று காலை விட்டுவிடும். நீங்கள் சேர்க்கப் போகிற இடத்தில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொள்ளவும் விடாதீர்கள்.

ஏறுவதற்கு முன்னால் வயிற்று வாரை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டு தரம். சேணம் கட்டும்போது சில குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும், பத்து அடி நடந்ததும் வார் தளர்ந்துவிடும், சேணத்தோடு ஆள் பக்கவாட்டில் சரிவான்.

லாஸ்பேட்டை_சவாரி எழுதியது:

அண்ணே, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன அங்கவடி விஷயத்தை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

அக்காவுக்கு இன்னும் ஒன்று. தடை தாண்டப் பழகும்போது மார்பு முதுகு மூடுகிற பாதுகாப்பு ஜாக்கெட்டும் வேண்டும், விலா எலும்பு, உள்ளுறுப்பு எல்லாவற்றுக்கும் அது உதவும். ஆனால் அது கழுத்தைக் காப்பாற்றாது. 1995இல் சூப்பர்மேன் பட நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் விழுந்தபோது ஹெல்மெட்டும் போட்டிருந்தார், ஜாக்கெட்டும் போட்டிருந்தார், குதிரை தடைக்கு முன்னால் சட்டென்று நின்றதில் தலைகீழாகப் போய்க் கழுத்து எலும்பு உடைந்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அவசரப்பட்டுத் தாண்டப் பழக்குகிற இடமாக இருந்தால் எந்த உடுப்பும் போதாது என்பதற்காகச் சொல்கிறேன். முதல் சில மாதம் நீளக் கயிற்றில் வட்டமாகச் சுற்ற விட்டு உட்காரப் பழக்குகிறார்களா என்று நேரில் போய் ஒரு காலை நேரம் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். சொல்லித் தருகிறவர் தானே ஹெல்மெட் போட்டு ஏறுகிறாரா என்றும் பாருங்கள்.

கடலூர்_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அங்கவடி தம்பி எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் எழுந்துபோய் தையல் பெட்டியிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்துவந்து, மகளைக் கூப்பிட்டுப் புருவத்துக்கு மேலே சுற்றி அளந்தார். 53 சென்டிமீட்டர். சனிக்கிழமை காலை மூன்று பேரும் ஆரோவில் பக்கம் போகிறோம், வகுப்பைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் பணம் கட்டுவோம். தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்துவிட்டேன், நர்ஸ் அக்கா, 10 வயது ஊசி விட்டுப்போயிருக்கிறது, நாளைக்குப் போட்டுவிடுகிறோம்.

அந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியவில்லை. சில்வர் பீச்சில் அன்றைக்கு இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவன் நன்றாக இருக்கிறானா என்று மட்டும் சொல்லுங்கள். மஞ்சள் டீ ஷர்ட் போட்டிருந்தான்.