மறு: எழுத்துக்குள் நிற்கும் வெள்ளைக்குச் சொல் வேண்டும்

நண்பர்களே, நாய்லாண்ட் எழுத்துருவைப் பற்றிய பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1923இல் ஜெர்மனியின் ஆஃபென்பாக் நகரில் இருந்த கிளிங்ஸ்போர் எழுத்து வார்ப்பகத்துக்காக ருடால்ஃப் கோக் செய்தது. வரைபடம் போடாமல் எஃகுத் துண்டின் முனையில் நேரே வெட்டினார்; அதனால்தான் அளவுக்கு அளவு வடிவம் சற்று மாறுகிறது. அதன் ஆங்கில 'A'க்குள் சின்ன முக்கோணமாக ஒரு வெள்ளை. இப்படி எழுத்துக்குள் நிற்கும் வெள்ளைக்கு ஆங்கிலத்தில் 'கவுண்டர்' என்று பெயர். அப்படியே எழுதினால் மாணவர்கள் பயணச்சீட்டு வாங்கும் இடத்தை நினைப்பார்கள். தமிழில் என்ன சொல்லலாம்?

---

'சுழி' இருக்கிறதே! மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம்.

---

சுழி என்பது கோடு ஐயா. நாம் தேடுவது கோடு வளைத்துப் பிடித்த வெள்ளை. நாய்லாண்ட் போன்ற தடித்த கோண எழுத்தில் சிக்கலே அங்குதான். எழுத்து வரையும் 1000 அலகுச் சதுரத்தில் நிமிர்கோடு 160 என்று வைத்து, ண-வின் உள்கோடுகளுக்கும் அதையே கொடுத்தால், வெள்ளை 40 அலகுக்குச் சுருங்கிவிடும். 72 புள்ளி எழுத்தளவில் அது 1 மி.மீ., தெரியும். 12 புள்ளியில் 0.17 மி.மீ.; மை பரவி அடைத்துக்கொள்ளும். உள்கோட்டை 110க்கு இறக்கி, எழுத்தை அகலமாக்க வேண்டும். வெளிமூலையை 45 பாகையில் சீவினாலும் உள்மூலையைச் சீவாமல் சதுரமாகவே விடுங்கள், வெள்ளை மிஞ்சும். சல்லடைக் கண், வலைக்கண் என்கிறோம், இதுவும் 'கண்'தான். கண் அடைத்துக்கொண்டது என்றால் அச்சகத்தில் யாருக்கும் விளங்கும்.

---

கண்ணுக்கு என் ஆதரவு. சிலம்பின் இந்திரவிழவில் 'மான்கட் காலதர்' வருகிறது. முரசுக்கும் கண் உண்டு. இன்னொன்று: 'கவுண்டர்' என்ற ஆங்கிலச் சொல் இங்கே எண்ணுவதிலிருந்து வந்ததல்ல. உள்வடிவை எஃகில் அடித்துப் பள்ளமாக்கும் எதிர் அச்சிலிருந்து வந்தது. 'எண்ணி' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

---

மான்கட் காலதர் உவமை. மானின் கண் போன்ற சாளரம். அதைச் சான்றாக்க முடியாது. ப-வின் உட்புறம் மேலே திறந்து கிடக்கிறது, அதைக் கண் என்பீர்களா? 'அகடு' என்ற நல்ல சொல் இருக்கிறது: வயிறு, உள். மூடியதற்கும் திறந்ததற்கும் பொருந்தும்.

---

அகடு, முகடு என்று அலைப் பாடத்தில் ஏற்கெனவே படிக்கிறார்கள், குழம்பும். மூடியதையும் திறந்ததையும் பிரித்துச் சொல்வதும் அவசியம். தகரத்தில் எழுத்து வெட்டிச் சாயம் அடிக்கும்போது, சுற்றிலும் மூடிய துண்டு கழன்று விழும். அதைச் சுற்றுத் தகரத்தோடு பிடித்து நிறுத்தக் குறைந்தது ஒரு பாலமாவது விட்டு வெட்ட வேண்டும். ப-வுக்கு அது வேண்டாம், மேற்புறத் தகரமே பிடித்துக்கொள்ளும்.

---

நேரமில்லை. 'மூடிய கண்', 'திறந்த கண்' என்று போட்டு அனுப்புகிறேன். பெரும்பான்மை கண்ணின் பக்கம்.

---

அம்மா, என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 'மூடிய கண்' என்று படிப்பவர் மை அடைத்த கண் என்றே கொள்வார். நீங்கள் காட்ட வந்ததோ நாலு பக்கமும் கோடு சூழ்ந்து, நடுவே வெள்ளை பளிச்சென்று தெரியும் கண்.