மருந்து புகட்டினால் பல்லைக் கடித்துக்கொள்ளும் ஆடு, இப்போது இருமலும் வந்துவிட்டது

வணக்கம். கோவில்பட்டிப் பக்கம் ஏழு கன்னி இன ஆடுகள் வைத்திருக்கிறேன். அதில் முகத்தில் வெள்ளைக் கோடுள்ள ஒரு பால்கன்னிப் பெட்டைக்கு ஐப்பசி மழைக்கு அப்புறம் கழிச்சல். இரண்டு வயது. புழுக்கையே இல்லை, பச்சைத் தண்ணியாகப் போகிறது. கால்நடை மருந்தகத்தில் சாணத்தைப் பார்த்துவிட்டுக் குடற்புழு என்றார்கள். ஒரு வேளைக்குக் குடற்புழு மருந்து தந்தார்கள். அது போக, மூன்று நாளைக்குக் காலையும் மாலையும் தண்ணீரில் கரைத்துப் புகட்ட ஒரு பொடி.

பிரச்சினை புகட்டுவதில்தான். வீட்டம்மா கழுத்தைப் பிடிக்க, நான் வாயை மேலே தூக்கிப் பாட்டிலால் ஊற்றுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு முன்காலைத் தூக்கித் துள்ளுகிறது. பாதி வெளியே போய்விடுகிறது. நேற்று மாலை ஊற்றும்போது பலமாக இருமியது, மூக்கில் நுரை வந்தது. இன்று அகத்தியைக்கூட முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது. எப்படிப் புகட்டுவது? துப்பிய மருந்தைத் திரும்பக் கொடுக்கலாமா?

பதில் 1
தம்பி, இன்று மாலை எதையும் வாயில் ஊற்றாதீர்கள். தலையை மேலே தூக்கினால் ஆட்டால் ஒழுங்காக விழுங்க முடியாது, மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மூக்கில் நுரை வந்தது புரை ஏறியதால்தான். நுரையீரலில் சீழ் பிடித்தால் ஆடு இரண்டு மூன்று நாளில் போய்விடும், எனக்கு ஒரு கிடாய் அப்படித்தான் போனது. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 102, 103 டிகிரி பாரன்ஹீட் சாதாரணம். 104-ஐத் தாண்டினாலும், விலா வேகமாக ஏறி இறங்கினாலும் காத்திருக்க வேண்டாம். மருந்தகத்துக்கு ஓட்டிப்போங்கள், அல்லது கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அடித்து வண்டியை வரச் சொல்லுங்கள்.

பதில் 2
அண்ணே, இருபது வருசமாக ஆடு வளர்க்கிறேன். பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். ஊசியைக் கழற்றிய 20 மில்லி சிரிஞ்ச் போதும். ஆட்டைச் சுவர் மூலையில் பின்பக்கம் ஒட்டினாற்போல நிறுத்துங்கள், அப்போது பின்னால் போக இடம் இருக்காது. கழுத்தின் இரண்டு பக்கமும் உங்கள் கால் இருக்கும்படி நின்று, இடது உள்ளங்கையால் தாடையைத் தாங்குங்கள். மூக்கு கண்ணுக்கு நேராக இருக்கட்டும், அதற்கு மேலே போகக் கூடாது.

பல்லைக் கடித்தால் கவலையில்லை. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே வெறும் ஈறுதான் இருக்கும். கடைவாய் ஓரமாக அந்த இடைவெளியில் சிரிஞ்சை நுழைத்தால் தானாக வாயை அசைக்கும். நாக்கின் மேல் மூன்று நான்கு மில்லி விடுங்கள், தொண்டை அசைந்து விழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது. விரலை உள்ளே ஆழமாக விட வேண்டாம், கடைவாய்ப் பல் கத்தி மாதிரி. நாக்கை இழுப்பது, மூக்கைப் பொத்துவது இரண்டும் வேண்டாம். இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள், அது குனிந்து வெளியே தள்ளிக்கொள்ளும். படுத்துக் கிடக்கும் ஆட்டுக்குப் புகட்டவே கூடாது.

எத்தனை அவசரமானாலும் முதலில் ஒரு நிமிடம் கழுத்தைத் தடவிக்கொடுங்கள். நாம் பதறினால் அதுவும் பதறும்.

பதில் 3
பொடியைத் தண்ணீராகக் கரைக்காமல் கருப்பட்டிப் பாகில் கெட்டியாகக் குழைத்து நாக்கின் பின்பக்கம் தடவலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். என் ஆடுகளுக்கு அதுதான் ஒத்துவருகிறது. தீவனத்தில் கலந்தால் வாசனை பிடித்து ஒதுக்கிவிடும்.

துப்பியதைத் திரும்பக் கொடுக்க வேண்டாம். எவ்வளவு உள்ளே போனது என்று நமக்குத் தெரியாது, குடற்புழு மருந்து கூடிப்போனாலும் ஆபத்து. கீழ்க்கண் இமையை விலக்கிப் பாருங்கள். சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் இரத்தம் உறிஞ்சும் புழு, அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், கிடாயோடு சேர்ந்திருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சில குடற்புழு மருந்துகள் இளஞ்சினைக்கு ஆகாது.

கேட்டவர்
எல்லோருக்கும் நன்றி. அன்று இரவே பார்த்தேன், 104.6 இருந்தது. 1962 வண்டி காலையில் வந்தது. நுரையீரலில் சத்தம் கேட்கிறது என்று சொல்லி ஊசி போட்டார்கள், ஐந்து நாள் தொடர்ந்து போட்டாயிற்று. கிடாயோடு சேர்ந்து ஒரு மாதம் இருக்கும் என்றும் சொன்னேன். மருந்து அட்டையைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே கொடுத்தது சினை ஆட்டுக்கும் ஆகும் மருந்துதான் என்றார்கள், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. உப்பும் வெல்லமும் கரைத்த தண்ணீரை வாளியில் வைத்தேன், தானாகவே குடித்தது.

பொடியை நேற்று பாகில் குழைத்து, இரண்டாவது பதிலில் சொன்னபடி கடைவாய் ஓரமாகத் தடவினேன். துள்ளவில்லை, நாக்கைச் சுழற்றி விழுங்கியது. இன்று காலை நான்கு வேல நெற்று தின்றது, மத்தியானம் அசை போட்டது. மற்ற ஆறு ஆடுகளின் சாணத்தையும் தனித்தனியாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். விடிந்ததும் எடுத்துப் போகிறேன்.