திண்டுக்கல் பக்கத்துக் காந்திகிராமத்தையும் அங்குள்ள ஆஸ்பத்திரியையும் தொடங்கிய டாக்டர் சௌந்தரம் அம்மாவை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

தறிவீட்டுப் பையன்:
காந்திகிராமத்தில் ஒரு விழா, 1980 என்று நினைவு. எனக்கு 13 வயது. அம்மா ஒரு பொட்டலம் முறுக்கைக் கையில் திணித்து, “டாக்டரம்மா கையில குடுத்துட்டு வா, கொடி சுத்திப் பொறந்த உன்னை அந்த ஆஸ்பத்திரிதான்டா பொழைக்க வெச்சுச்சு” என்று அனுப்பினார். கூட்டம் கலையும்போது கதர்ப் புடவையில் மெதுவாக நடந்து என் பக்கமாகவே வந்தார். டி.வி.எஸ். வீட்டுப் பெண், மத்திய அமைச்சராக இருந்தவர் என்றெல்லாம் கேட்டு வளர்ந்ததாலோ என்னவோ, கை நீளவே இல்லை. இரண்டடி தூரம்தான். எண்ணெய் ஊறிய செய்தித்தாள் விரலில் ஒட்டியது இன்னும் நினைவிருக்கிறது. பொட்டலத்தோடு வீடு திரும்பினேன், அம்மா ஒன்றும் கேட்கவில்லை. 1984 அக்டோபரில் டாக்டரம்மா காலமானார்.

ஆத்தூர்க்காரன்:
ஒரு திருத்தம். அவர் கல்வித் துறைத் துணை அமைச்சர், 1962-ல் திண்டுக்கல்லில் ஜெயித்து டெல்லி போனவர். அதற்கு முன்னால் 1952-ல் எங்கள் ஆத்தூர், 1957-ல் வேடசந்தூர் என்று சட்டமன்றத்தில் இருந்தார். பதவியை வைத்து அவரை அளப்பதே எனக்குப் பிடிக்கவில்லை, 1947-ல் கணவர் ஜி. ராமச்சந்திரனோடு காந்திகிராமத்தைத் தொடங்கியபோது என்ன பதவி இருந்தது? சரி, என் கதை பாட்டியுடையது. 1967 தேர்தல், அரிசிக்கு அலைந்த காலம், ரூபாய்க்கு மூணு படி என்று தி.மு.க. சொன்னது. பாட்டி சூரியனில் குத்திவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், சாயங்காலம் வரை வாயே திறக்கவில்லை. அவருடைய கடைசி இரண்டு பிள்ளைகளும் அந்த ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். சௌந்தரம் அம்மா அந்த முறை தோற்றார்.

ஓய்வுபெற்ற செவிலி:
ஆத்தூர்க்காரரே, அந்த வருஷம் காமராஜரே விருதுநகரில் தோற்றார், உங்கள் பாட்டியை ஏன் குற்றவாளியாக நிறுத்துகிறீர்கள்? சின்ன வயதிலேயே கணவரை இழந்து, அந்தக் காலத்தில் டெல்லி போய் 1936-ல் டாக்டரானவர் அவர், ஒரு தேர்தலில் உடைந்துபோகிறவர் இல்லை. நான் பார்த்தது ஒரே முறை, பயிற்சிக் காலத்தில், வராந்தாவில் எங்களைக் கடந்து போனார், அவ்வளவுதான்.
தறிவீட்டுத் தம்பி, அம்மா இருக்கிறாரா? இருந்தால் இந்த வாரமே உட்கார வைத்துக் கேளுங்கள். அந்தப் பிரசவத்துக்கு யார் கூட்டிப் போனது, மாட்டு வண்டியா, வார்டில் யார் பக்கத்தில் இருந்தது, கையில் எவ்வளவு காசு இருந்தது, எல்லாம். போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் போனை முகத்துக்கு நேரே நீட்டாதீர்கள், பக்கத்தில் வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டே கேளுங்கள், அப்போதுதான் பேச்சு வரும். நடுவில் திருத்தாதீர்கள், வருஷம் தப்பாகச் சொன்னாலும் விடுங்கள். அப்புறம், பக்கத்து வீட்டாரைச் சேர்க்காதீர்கள், ஆளுக்கொன்று சொல்லி அம்மாவைப் பேசவே விட மாட்டார்கள்.