விஹியா புத்தகங்களை நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாமா?

தாள்மடிப்பு:
அமெரிக்காவில் முதுகலை படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழக நூலகப் பட்டியலில் கியூபாவின் 'எடிசியோனெஸ் விஹியா' பதிப்பகம் கையால் செய்த புத்தகங்களும் இதழ்களும் இருக்கின்றன, ஆனால் அலமாரியில் கிடையாது, சிறப்புச் சேகரிப்பில் கேட்டுத்தான் பார்க்க வேண்டுமாம். என் ஆய்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, சும்மா ஒரு ஆசை. போய்க் கேட்டால் முகம் சுளிப்பார்களா? கையுறை போடணுமா? அப்புறம், படத்தில் பழுப்புத் தாளும் நூலும்தான் தெரிகிறது, இதில் அப்படி என்ன இருக்கிறது?

மைக்கறை:
தாராளமாகக் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் காரணமே கேட்க மாட்டார்கள். முன்கூட்டியே சொல்லி வைத்தால் எடுத்து வைத்திருப்பார்கள், பையை வெளியே வைக்கச் சொல்வார்கள், பேனா கூடாது, பென்சில் மட்டும். கையுறை சினிமாவில் காட்டுகிற சமாச்சாரம். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த கை போதும், கையுறை மாட்டினால் தாளின் ஓரம் விரலுக்குத் தட்டுப்படாமல் கிழித்துவிடுவோம். புகைப்படமோ உலோகமோ இருந்தால் அவர்களே தருவார்கள்.

கரிக்கட்டை:
என்ன இருக்கிறதா? மத்தான்சாஸ் நகரில் 1985-இல் கவிஞர் ஆல்ஃபிரெடோ சால்திவாரும் ஓவியர் ரொலாண்டோ எஸ்தேவெஸும் தொடங்கியது இது. முதலில் இலக்கியக் கூட்டங்களுக்கு அழைப்பிதழ் செய்தார்கள், அது வளர்ந்து புத்தகமானது. தட்டச்சு, அப்புறம் நம் பள்ளிகளில் கேள்வித்தாள் அடித்த அதே சைக்ளோஸ்டைல். ஒரு தலைப்புக்கு 200 பிரதிதான். ஒவ்வொன்றுக்கும் கையாலேயே வண்ணம் தீட்டி, துணி, நூல், மணல், காய்ந்த இலை என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டுவார்கள், அதனால் ஒரே தலைப்பின் இரண்டு பிரதிகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது. சோவியத் உடைந்து கியூபாவில் காகிதத்துக்கே திண்டாட்டம் வந்ததால்தான் இந்தப் பாணி பிறந்தது என்று பலர் உருகி எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பாது. சோவியத் உடைந்தது 1991-இல், இவர்கள் அதற்கு ஆறு வருடம் முன்பே பழுப்புத் தாளில் வேலை செய்தவர்கள். தட்டுப்பாடு அதை இன்னும் கூர்மையாக்கியது, அவ்வளவுதான். வறுமையை ரசிப்பதற்காகப் பார்க்காதீர்கள், வடிவமைப்பைப் பாருங்கள்.

பெட்டிக்குள்பெட்டி:
நூலக வேலையில் இருப்பதால் ஒரு வார்த்தை. இந்தப் புத்தகங்கள் எங்களுக்குத் தலைவலி (பிடித்த தலைவலி). மலிவான பழுப்புத் தாளில் அமிலம் அதிகம், வருடம் போகப்போக நொறுங்கும். ஒட்டிய இலை உதிரும், பூச்சிக்கும் பிடிக்கும். வெளியே துருத்திக்கொண்டிருப்பதை அலமாரியில் நெருக்கி வைக்க முடியாது, தனித்தனிப் பெட்டி வேண்டும்.

நூலகங்கள் இப்படிப்பட்டவற்றை எப்போதும் வரவேற்றதும் இல்லை. அமெரிக்க ஓவியர் எட் ரூஷே பெட்ரோல் பங்க்குகளைப் படமெடுத்துப் போட்ட புத்தகத்தை 1963-இல் அமெரிக்க காங்கிரஸ் நூலகம் வேண்டாமென்று திருப்பிவிட்டது, மனிதர் அதையே பத்திரிகையில் விளம்பரமாகப் போட்டார்! இன்றைக்கு மிசூரி பல்கலைக்கழக நூலகம் விஹியாவுக்கென்றே தனிச் சேகரிப்பு வைத்திருக்கிறது.

பட்டியலில் ஆசிரியர் பெயரை விட்டுவிட்டுப் பதிப்பகத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒரே தலைப்பில் இரண்டு பிரதி இருந்தால் இரண்டையும் கேளுங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கரிக்கட்டை சொன்னது புரியும்.

தாள்மடிப்பு:
இப்போதே கேட்டு அனுப்பிவிட்டேன். கைபேசியில் படம் எடுக்க விடுவார்களா?

பெட்டிக்குள்பெட்டி:
பெரும்பாலும் விடுவார்கள், ஃபிளாஷ் மட்டும் கூடாது. இணையத்தில் போடுவதென்றால் பதிப்புரிமை பற்றி அங்கேயே கேட்டுவிடுங்கள்.